சிற்றிதழில் எழுதியவரே தம் எழுத்தை வாசித்து ஒலிப்பதிவாக வெளியிடலாமா?

கேள்வி: காலாண்டிதழ்க்காரன், நாகர்கோவில்

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்துகிறோம். காலாண்டிதழ் என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டரை ஆண்டுகளில் ஏழு இதழ்கள்தாம் வந்திருக்கின்றன. சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். 64 பக்கம், 300 படிகள், விளம்பரம் கிடையாது, உள்ளட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வழக்கமான வரி. அச்சுச் செலவில் பாதியைச் சந்தா ஈடுகட்டுகிறது, மீதியை எங்கள் சம்பளம் ஈடுகட்டுகிறது.

சந்தா முடிந்தவர்களுக்கு நினைவூட்டி எழுதியபோது, முதல் இதழிலிருந்தே சந்தா கட்டிவந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அவர் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது. இரண்டு கண்களிலும் பார்வை மங்கிவிட்டதாகவும், இதழ் வந்ததும் மருமகள் கையில் கொடுப்பதாகவும், தடவிப் பார்த்து அட்டை வழவழப்பா சொரசொரப்பா என்று மட்டும் தம்மால் சொல்ல முடிவதாகவும் எழுதியிருந்தார். பணம் தொடர்ந்து அனுப்புவதாகவும், இதழை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படியும் கடைசி வரியில் இருந்தது. இதைப் படித்த பிறகுதான், ஒவ்வோர் இதழிலும் நான்கைந்து படைப்புகளையாவது ஒலிப்பதிவாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது.

முதல் முயற்சியாக, வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்த நண்பர் ஒருவரிடம் ஆறாம் இதழில் வந்த சிறுகதையைக் கொடுத்தோம். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. ‘ழ’வும் ‘ள’வும் அவ்வளவு துல்லியம். ஆனால் கதை நாஞ்சில் நாட்டு வீடு ஒன்றில் நடப்பது. அதில் தாய் தன் மகளை ‘மக்களே’ என்று கூப்பிடுகிறாள். எங்கள் ஊரில் அது ஒரு பிள்ளையை மட்டும் வாஞ்சையோடு விளிக்கும் சொல். வாயில் ஏறக்குறைய ‘மக்ளே’ என்றுதான் வரும். நண்பர் அதை எழுத்தில் இருக்கிறபடியே முழங்கியதும், அடுப்படியில் நிற்கிற தாய் பொதுக்கூட்ட மேடையில் ஏறிவிட்டாள்.

பிறகு கதையை எழுதியவரிடமே கேட்டோம். அவர் முந்திரி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறார். இரவு பத்து மணிக்கு மேல் தம் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பினார். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு முறை விசிலடிக்கிறது; ஓர் இடத்தில் வரியைத் தவறவிட்டு, ‘இல்ல, மேல’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு திரும்பப் படிக்கிறார். ஆனாலும் அந்த ‘மக்ளே’ வந்த இடத்தில் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது எங்களுக்குள் கருத்து வேறுபாடு. இதழின் பெயரில் வெளியாகும் எதுவும் அச்சைப் போலவே பிழையற்று இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். எழுதியவர் குரலைத் தவிர வேறு குரல் கூடாது என்கிறார் இன்னொருவர். எனக்கு உரைநடையில் பெரிய குழப்பம் இல்லை; கவிதையில்தான் தடுமாறுகிறேன். வரி முறிகிற இடத்தைக் காதுக்கு எப்படிச் சொல்வது? எழுதியவர்களே வாசித்து வெளியிட்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். பதிவுகளை எங்கே, எப்படிப் பாதுகாப்பது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: ஈய எழுத்து

தோழருக்கு வணக்கம். நான் டிரெடில் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராகத் தொடங்கி ஆஃப்செட் வரைக்கும் வேலை பார்த்தவன். சில சிற்றிதழ்கள் என் கையில் கோக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கேள்வி புதியதாகத் தோன்றினாலும், சிற்றிதழ் என்பது எப்போதும் ஒருமுறையாவது உரக்க வாசிக்கப்பட்டே வந்திருக்கிறது என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். புரூஃப் பார்க்கிறபோது ஒருவர் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி உட்பட எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அச்சான தாளில் கண்ணை ஓட்டித் திருத்துவார். பெரிய பத்திரிகைகளில் இதற்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. சிற்றிதழ்களில் ஆசிரியரோ, சில சமயம் அந்தக் கவிதையை எழுதியவரோதான் வந்து மை நாற்றத்துக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பார். கவிஞர்கள் தம் வரிகளை மிக நேர்மையாக வாசித்து நான் கேட்டது அங்கேதான், ஏனென்றால் அங்கே கைதட்டுவதற்கு ஆள் கிடையாது.

கவிதையைப் பற்றிய உங்கள் தடுமாற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். யாப்பின் ஓசையை விட்டு விலகி, மனத்துக்குள் மெல்லப் படிக்கிற ஒரு கவிதை அங்கே வேர்பிடித்தது. அன்றைக்குப் பொதுவெளியில் கவிதை என்றால் கவியரங்கம். ஒரு வரியை இரண்டு தடவை சொல்ல வேண்டும், இரண்டாம் தடவையின் முடிவில் கைதட்டல் விழ வேண்டும். அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்துத்தான் புதுக்கவிதை தாளுக்குள் ஒதுங்கியது என்பது என் எண்ணம். 1971இல் கோவையில் தொடங்கிய ‘வானம்பாடி’ தன்னை ‘விலையிலாக் கவிமடல்’ என்று அழைத்துக்கொண்டு, அதே புதுக்கவிதையைத் திரும்பவும் மேடைக்குக் கொண்டுபோனது. இரண்டுமே சிற்றிதழ்கள், இரண்டிலும் இருப்பது புதுக்கவிதை. ஆனால் ஒன்றை மெதுவாகவும் மற்றொன்றை உரக்கவும் படித்தால்தான் அவை தம் இயல்பில் இருக்கும். உங்கள் இதழில் வருகிற ஒவ்வொரு கவிதையும் இவற்றில் எதன் வழிவந்தது என்பதை முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வாசிக்கச் சொல்லுங்கள்.

வரி முறிவுக்கு நான் கண்ட வழி ஒன்றுதான். வரி முடிவில் நிறுத்தாதீர்கள்; குரலைக் கீழே இறக்கவும் வேண்டாம். கடைசிச் சொல்லை அதன் உயரத்திலேயே விட்டுவிட்டு, அரை மூச்சு தாமதித்து அடுத்த வரிக்குப் போனால் போதும். வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் குரல் இறங்கட்டும். இப்படிப் படித்துப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும்: சில கவிதைகளில் வரியை ஏன் முறித்தோம் என்பதற்கு எழுதியவரிடமே காரணம் இருக்காது. அந்தக் கவிதைகளைப் பதிவு செய்யாமல் விட்டுவிடலாம். அச்சிடாமலும் விட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஓர் இழப்பையும் சொல்லிவிடுகிறேன். 1980களில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நடந்த ஒரு வாசிப்பைக் கேசட்டில் பிடித்தோம். எட்டுப் பேர் வாசித்தார்கள். அதில் மூவர் இப்போது இல்லை. கேசட்டை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். பதினைந்து ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோது நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தது. ஓடவிட்டதும் மூன்றாவது நிமிடத்தில் அறுந்தது. அந்த மூன்று நிமிடமும் ‘டெஸ்டிங், ஒன், டூ’ என்ற குரலும் தேநீர்க் குவளைகளின் சத்தமும்தான். ஆகவே பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

பதில்: தார்மேட்டுப் பனை

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1980களின் நடுப்பகுதியில் ஜெர்மனிக்கு வந்தவன். இங்கே எங்களுக்குச் சிற்றிதழ் என்பது இலக்கிய முயற்சி என்பதற்கு முன்னால், பேசுவதற்கு ஆள் தேடுகிற முயற்சியாகவே இருந்தது. தமிழ் எழுத்துருவும் அச்சகமும் எளிதில் கிடைக்காத காலத்தில் சில இதழ்களைக் கையால் எழுதி, நகலெடுத்து, நடுவில் பின் அடித்து, உறையில் போட்டுப் பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் டொரொன்டோவுக்கும் அனுப்பினோம். 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பில், அந்த இதழ்களில் எழுதியவர்களும் படித்தவர்களும் ஒரே அறையில் கூடி, எழுதியதை வாசித்தும் சண்டை பிடித்தும் பழகினார்கள். இதழும் வாசிப்பும் எங்களுக்கு ஒருபோதும் இரண்டு வேலைகளாக இருந்ததில்லை.

அந்த நாட்களில் ஊருக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புகிற வழக்கமும் இருந்தது. எழுத்தறியாத அம்மம்மாவுக்கும் அது போய்ச் சேரும். ஒரு பக்கத்தில் பேச்சு, மறுபக்கத்தில் பிள்ளைகளின் பாட்டு. கதை எழுதுகிற என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட கேசட்டின் கடைசியில், மிச்சம் இருந்த நாடாவை வீணாக்கக் கூடாது என்று, தாம் எழுதிய கதையை வாசித்து அனுப்பினார். அடுத்த கேசட்டில் அவருடைய அம்மா, கதையில் கிணற்றடி வலப்பக்கம் என்று சொன்னது பிழை, இடப்பக்கம் என்று திருத்தியிருந்தார். எந்த விமரிசகரும் அவருக்கு அவ்வளவு கவனமாகப் பதில் எழுதியதில்லை என்று அவர் இன்றும் சொல்வார்.

எழுதியவரே வாசிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘காற்று’ என்ற சொல்லில் வருகிற ‘ற்ற’வை நாங்கள் ஒலிக்கிற விதம் வேறு, உங்கள் பக்கத்தில் ஒலிக்கிற விதம் வேறு. எங்கள் கதையைச் சென்னைக் குரலில் கேட்டால் சொற்கள் அப்படியே இருக்கும், ஊர் போய்விடும். நீங்கள் சொன்ன ‘மக்ளே’ எனக்கு அதைத்தான் நினைவூட்டியது.

ஆனாலும் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் எங்களில் பலர் புனைபெயரில் எழுதினோம். சிலர் இதழுக்கு ஒரு பெயர் என்று மாற்றிக்கொண்டார்கள். பெயரை மறைப்பது அன்றைக்கு உயிர்ப் பிரச்சினை. பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கவிதைகளை அவரவர் குரலில் பதிவுசெய்யலாம் என்று ஒரு தோழியிடம் கேட்டபோது, ‘பேரை மாத்தலாம், குரலை மாத்தேலாது’ என்று சொல்லி மறுத்துவிட்டார். அவர் பயப்படுவதற்கு இப்போது காரணம் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நான் அல்லவே. உங்கள் இதழிலும் சாதியைப் பற்றியோ, குடும்பத்துக்குள் நடந்ததைப் பற்றியோ புனைபெயரில் எழுதுகிற பெண்கள் இருக்கக்கூடும். அக்கம்பக்கத்தார் பெயரைப் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். குரலைக் கேட்டால் நின்றுவிடுவார்கள். அச்சுக்குக் கொடுத்த சம்மதம் குரலுக்கும் சேர்த்துக் கொடுத்த சம்மதம் ஆகாது.

பதில்: மூன்றாம் மாடி ஒலிப்பதிவாளர்

மதுரையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். திருமண வீடியோவுக்குக் குரல் சேர்ப்பதுதான் பிழைப்பு, ஓய்வில் கதைகள் பதிவுசெய்கிறேன். வேலை சம்பந்தமான சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். கூடம் வாடகைக்கு எடுக்க வேண்டாம். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், பழக்கமில்லாத எழுத்தாளர் இரண்டாம் பத்தியிலேயே செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

வீட்டில் துணி நிறைந்த பீரோ இருக்கிற அறையே போதும். பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி உட்கார வேண்டும். துணி எதிரொலியை விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால், அதன் மேல் கார் சாவியையோ வீட்டுச் சாவியையோ வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி போட மறந்து, காலையில் மாவு புளித்து, அந்த வீட்டில் இலக்கியத்துக்கே தடை வந்துவிடும். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வருகிற இடமெல்லாம் காற்று மோதும். தாளைக் கையில் பிடிக்காமல் பலகையில் பரப்பிக்கொள்ளுங்கள். பக்கம் புரட்டும்போது வாசிப்பை நிறுத்திவிட்டுப் புரட்டட்டும். பிழை வந்தால் பதற வேண்டாம்: ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். கைதட்டல் ஒலியலையில் ஊசிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்ததும் வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த மென்பொருள் இலவசம். இறுதியில் பத்து விநாடி எதுவும் பேசாமல் அறையின் அமைதியையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டும்போது நடுவில் வைக்க அது தேவைப்படும்.

குக்கர் விசிலை வெட்டலாம். ‘இல்ல, மேல’ என்பதை நான் வெட்ட மாட்டேன், ஆனால் அது உங்கள் இதழ்.

அளவைப் பொறுத்தவரை, 1,500 சொற்கள் கொண்ட கதையை அவசரமில்லாமல் வாசித்தால் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம் ஆகும். வெட்டாத மூலப் பதிவை, கைப்பேசியில் அந்த வசதி இருந்தால், சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 எம்பி பிடிக்கும். கேட்பவர்களுக்கு 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது, பேச்சுக் குரலுக்கு அது தாராளம். வாட்சப்பில் அனுப்புவதானால் ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்புங்கள், தரம் குறையாது. ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். 300 சந்தாதாரர் என்றால் இரண்டு பட்டியல். பக்கத்தின் மூலையில் க்யூஆர் குறியீடு அச்சிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் தமிழாசிரியரால் அந்தக் குறியீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதில்: கரிசல் வாசகி

இதுவரை எழுதிய எல்லாரும் எழுதுகிறவர் பக்கமோ பதிவுசெய்கிறவர் பக்கமோ நின்று பேசுகிறார்கள். நான் வாசகி மட்டுமே, ஆகவே எதிர்க்கட்சியாக ஒன்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையை அதை எழுதியவர் வாசிக்கக் கேட்டேன். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அதுவரை அந்தக் கதையில் வருகிற அம்மாவுக்கு என் அம்மாவின் குரல் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்தது. கேட்ட பிறகு அது போய்விட்டது, திரும்பி வரவில்லை. பார்வை இல்லாதவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் முழு மனத்தோடு செய்யுங்கள். மற்றவர்களுக்கு, இதழைப் படித்து முடிக்கக் கொஞ்சம் கால அவகாசம் கொடுத்துவிட்டுப் பிறகு ஒலியை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: பழுப்புத் தாள்

நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பாதுகாப்பையும் உரிமையையும் பற்றி எழுதலாம் என்று வந்தேன். அதற்கு முன், ஆங்கிலத்தில் ‘ஜீன்’ (zine) என்று வழங்குகிற சிறு வெளியீடுகளின் உலகத்தையும் இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். 1930இல் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட ‘தி காமெட்’ இதழ் அவற்றில் முன்னோடி. 1976இல் இலண்டனில் வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெர்ரி, பங்க் இசைக்காக ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற இதழைத் தட்டச்சும் ஸ்கெட்ச் பேனா எழுத்துமாக நகலெடுத்து வெளியிட்டு, ஓராண்டிலேயே நிறுத்திவிட்டார். பிழைகளை அவர் அப்படியே விட்டார், அடித்தலும் திருத்தலும் பக்கத்திலேயே தெரியும். உங்கள் குழுவில் பிழையற்ற பதிவு வேண்டும் என்று சொல்கிற நண்பருக்கு அந்தப் பக்கங்களைக் காட்டலாம். ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனாலும் காட்டலாம்.

அச்சும் ஒலியும் இப்படிச் சேர்ந்து நடந்ததற்கு மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு சோவியத் ஒன்றியத்தில் இருக்கிறது. தணிக்கைக்குத் தப்பித் தட்டச்சில், கார்பன் தாள்களை அடுக்கிப் படியெடுத்துச் சுற்றுக்கு விட்ட எழுத்துகளை ‘சமிஸ்தாத்’ என்றார்கள். அதற்கு இணையாக, புலாத் ஒக்குஜாவா, விளாதிமிர் விஸோத்ஸ்கி போன்ற கவிஞர்கள் கிதாரோடு பாடியதை வீடுகளில் நாடாப்பதிவில் பிடித்து, அதிலிருந்து மறுபடி பதிந்து கைமாற்றியதை ‘மக்னிதிஸ்தாத்’ என்றார்கள். படிக்குப் படி இரைச்சல் கூடும். அந்த இரைச்சலோடுதான் ஒரு தலைமுறை கேட்டது.

நம் பக்கத்துக்கு வந்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் 2000ஆம் ஆண்டில் தெற்காசிய எழுத்தாளர்களைத் தங்கள் படைப்பைத் தாங்களே வாசிக்கச் செய்து பதிவுசெய்யும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ் எழுத்தாளர்களும் அதில் வாசித்திருக்கிறார்கள். தேடிக் கேட்டுப் பாருங்கள்; அலங்காரம் இல்லாமல், தலைப்பைச் சொல்லிவிட்டு நேராகப் படிக்கும் அந்த முறை உங்களுக்குப் பயன்படும்.

உரிமையைப் பொறுத்தவரை, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தப்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்துக்கு ஒரு படைப்பை இலாப நோக்கமின்றி மாற்றித்தருவது உரிமை மீறல் ஆகாது. ஆகவே உங்கள் தமிழாசிரியருக்கு மட்டும் வாசித்து அனுப்புவதில் சட்டச் சிக்கல் இல்லை. அதே பதிவை எல்லாரும் கேட்கும்படி இணையத்தில் வைப்பது வேறு. அதற்கு எழுதியவரின் சம்மதம் தேவை. மேலே ஜெர்மனித் தோழர் சொன்னதைச் சட்டம் சொல்வதற்கு முன்பே மனிதர்கள் சொல்லிவிட்டார்கள் என்றாலும், அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் படைப்பு, யார் வாசிப்பது, எங்கே வைப்பது, பிற்பாடு நீக்கச் சொன்னால் நீக்குவோம் என்ற உறுதி. நான்கு வரி போதும்.

பாதுகாப்புக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இதழின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிக் கோப்புகளை ஏற்றலாம், கட்டணம் கிடையாது. ஈழத்து வெளியீடுகளுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இதழ்களை எண்வாரியாக ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் முறையைப் பாருங்கள். ஒலிக்கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் அந்த ஒழுங்கு வேண்டும். ‘புதிய பதிவு 14’ என்ற பெயரில் இருக்கிற கோப்பு, பூஞ்சை பிடித்த கேசட்டைவிட எந்த வகையிலும் மேலானது அல்ல. வாசிப்பின் தொடக்கத்திலேயே இதழ் எண்ணையும் மாதத்தையும் படைப்பின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லிவிட்டால், கோப்பின் பெயர் அழிந்தாலும் குரலுக்குள் விவரம் இருக்கும். மூலப் பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: காலாண்டிதழ்க்காரன்

இவ்வளவு பொறுப்பாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் சொன்னவற்றைச் செய்துபார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தோம்.

ஏழாம் இதழிலிருந்து இரண்டு கதைகள், ஒரு கட்டுரை, நான்கு கவிதைகளை எழுதியவர்களே வாசித்தார்கள். ஒருவர் பீரோவைத் திறந்துவைத்துப் படித்தார், இன்னொருவர் தென்னந்தோப்பில் நிறுத்திய காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் படித்தார்; கார்தான் நன்றாக இருந்தது. அரை மூச்சு யோசனை மூன்று கவிதைகளுக்குப் பொருந்தியது. நான்காவது கவிதை வானம்பாடி வழிவந்தது போலும். அவர் எழுந்து நின்று படித்த பிறகுதான் சரியாக வந்தது. ‘இல்ல, மேல’ பற்றி வாக்கெடுப்பு நடத்தி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்துக்கொண்டோம். கரிசல் வாசகி கேட்டபடி, பொதுவில் வெளியிடுவதை இதழ் அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து ஒரு மாதம் தள்ளியிருக்கிறோம்.

சம்மதத் தாளை நீட்டியபோதுதான் ஜெர்மனித் தோழர் சொன்னதன் எடை தெரிந்தது. புனைபெயரில் எழுதும் ஒருவர், தம் கவிதையை வேறு யாராவது வாசிக்கலாம், தாம் வாசிக்க முடியாது என்றார். காரணம் கேட்கவில்லை. எங்களில் மூத்தவர் வாசித்திருக்கிறார். தொடக்கத்தில் ‘எழுதியவர் அல்லாத ஒருவர் வாசிப்பது’ என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்.

தமிழாசிரியருக்கு முதல் ஆளாக அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு கதையில் ‘ஒருவேளை’ என்பதை எழுதியவர் ‘ஒரு வேளை’ என்று பிரித்துப் படித்துவிட்டார், பொருளே மாறுகிறது என்று முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு ஒவ்வொரு வாசிப்பின் தொடக்கத்திலும் பக்க எண்ணைச் சொல்லச் சொன்னார். உங்களுக்குப் பக்க எண் எதற்கு ஐயா என்று கேட்டேன். கேட்டு முடித்ததும் மருமகளை அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், இப்போது அவளுக்கு 64 பக்கமும் புரட்ட வேண்டியிருக்கிறது என்றார். எட்டாம் இதழிலிருந்து பக்க எண்ணும் சொல்வோம்.